ஆறாவது கை

"அதோ, கடைசி வரிசையில ஒரு தங்கச்சி. பாத்துட்டேம்மா, கைய எறக்கிக்கோ" என்று கிறிஸ்துதாஸ் மைக்கில் சொன்னான்.

கடைசி வரிசையில் ஒரு கையும் எழும்பியிருக்கவில்லை.

வெள்ளிமலையில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் மூன்று நாள் வாலிபர் முகாம் முடியப்போகிற நேரம். கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள சபைகளிலிருந்து வந்த நாற்பது பிள்ளைகள் ஜமக்காளத்தில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார்கள். இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் மட்டும் கையைத் தூக்க வேண்டும். யாரும் பார்க்க மாட்டார்கள். நடத்துகிற அண்ணன் ஒருவன்தான் பார்ப்பான். எல்லா முகாமிலும் கடைசியில் நடப்பதுதான்.

ஐந்து நிமிடமாக ஒருவரும் தூக்கவில்லை.

அப்படி ஆகிவிட்டால் முதல் சில கைகள் எழும்பிவிட்டதாக நாமே சொல்லிவிட வேண்டும் என்பது, ஆறு வருட ஊழியத்தில் கிறிஸ்துதாஸ் மூத்தவர்களிடம் படித்த பாடம். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி. யாரோ தூக்கிவிட்டான் என்று தெரிந்தால் கூச்சம் போய்விடும், அடுத்தவன் தூக்குவான். இதைப் பொய் என்று யாராவது சொல்லியிருந்தால் அவனுக்குக் கோபம் வந்திருக்கும்.

ஜன்னல் ஓரத்தில் ஒரு தம்பியையும் பார்த்துவிட்டதாகச் சொன்னான். சொல்லும்போதே ஷீபாவைப் பார்த்துவிட்டான்.

பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அவள் கண்ணைத் திறந்துவைத்திருந்தாள். கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் ஓரத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.



வேறு பிள்ளையாக இருந்தால்கூடப் பரவாயில்லை. இவள் போன வருடம் அவன் நடத்திய முகாமில் கையைத் தூக்கியவள். இப்போது பதினொன்றாம் வகுப்பு. நைனார்பாளையத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இருபது பேரைத் தனி ஆளாக மேய்க்கிறாள். எல்லோரும் கை தட்டிப் பாடுகிறபோதும் தனக்கு மனசில் வராவிட்டால் தட்டமாட்டாள், அப்படி ஒரு பிடிவாதக்காரி. இவளுக்கு மனசு விட்டுப்போனால் திருப்பிக் கொண்டுவர யாராலும் ஆகாது, அதிலும் தன்னால் நிச்சயம் ஆகாது என்று அவனுக்குத் தெரியும்.

ஷீபா மடியிலிருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

ஜெபத்தை முடித்து ஆமென் சொல்லிவிட்டால் போதும். வெளியே வேன் நிற்கிறது. இரண்டு பேர் தீர்மானம் எடுத்தார்கள் என்று பாஸ்டரிடம் சொன்னால் அவரும் ஸ்தோத்திரம் சொல்வார். ஒரு பயலும் கேட்கப்போவதில்லை.

ஆனால் முதல் நாளே இந்தப் பிள்ளைகளிடம் என்ன பேசினான்? ஆண்டவர் முன்னால் வேஷம் போடாதீர்கள், உள்ளே இல்லாததை வெளியே காட்டாதீர்கள் என்று தொண்டை கட்டும்வரை கத்தினானே. பாவம், அதைக் கேட்டுத்தான் இவர்கள் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த மண்டபத்தில் வேஷம் போடுகிறவன் அவன் ஒருவன்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

எல்லோரையும் கண்ணைத் திறக்கச் சொன்னான். ஒருவரும் கையைத் தூக்கவில்லை, தூக்கியதாகத் தான் சொன்னது பொய் என்றான். 

கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த சாம் கையை எடுத்துவிட்டான். யாரோ ஒரு பையன் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டான். ஷீபா நின்ற இடத்திலேயே நின்றாள். அங்கிருந்து வாசல் நாலே எட்டுதான்.

"போன வருசம் அஞ்சு பேரு தூக்கிட்டாங்க, ஆறாவது யாருன்னு கேட்டீங்க. நான் தூக்கனேன்" என்றாள். "அந்த அஞ்சு பேரு யாருண்ணா?"

வருடம் முழுக்க அவர்களைத் தேடியிருக்கிறாள். ஒவ்வொரு கூட்டத்திலும் முகம் முகமாகப் பார்த்து, இவளாக இருக்குமோ அவனாக இருக்குமோ என்று நினைத்திருக்கிறாள். அரையாண்டுத் தேர்வில் பக்கத்துப் பெண்ணுக்குப் பேப்பரைக் காட்டமாட்டேன் என்று சொன்னதற்காக வகுப்பே இரண்டு மாதம் அவளோடு பேசவில்லையாம். தன்னை மாதிரி இன்னும் அஞ்சு பேர் எங்கேயோ தாக்குப்பிடிக்கிறார்கள் என்று நினைத்துத்தான் அந்த நாட்களைத் தள்ளினாளாம். இன்றைக்குக் கண்ணைத் திறந்ததும், புதிதாகத் தூக்குகிறவர்களாவது துணைக்குக் கிடைப்பார்களா என்று பார்க்கத்தானாம். இத்தனையும் அழாமல் சொன்னாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஞாபகமில்லை என்று சொல்லலாம். அதை வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லலாம். ஐந்து பெயர்கூட வாய்வரைக்கும் வந்தன. அந்தப் பிள்ளைகள் மறுத்துப் பேசக்கூட மாட்டார்கள்.

"அஞ்சு பேருன்னு யாருமே இல்ல ஷீபா" என்றான். "நீ ஒருத்திதான்."

"அப்ப இந்த ஒரு வருசமும் நான் தனியாவா நின்னுக்கினு இருந்தேன்?"

ஆமாம் என்று தலையசைத்தான். 

அவள் வாசலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது அவனுக்கு.

பிறகு பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"இனிமே எங்கள கண்ண மூடச் சொல்லாதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.