யன்னல் சீற்

"வானத்தில இருந்து பார்த்தாத்தான் ஒரு மனிசனுக்குத் தன்ட ஊர்ட பெறுமதி விளங்கும்," என்றார் அலோசியஸ், பிரசங்கத்தை முடிக்கும் பாதிரியாரின் குரலில். வான் வண்டியின் கதவுப் பூட்டு சரியில்லை. அதனால் ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்தபடிதான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

மட்டக்களப்பு விமான நிலைய வாசலில் இருந்து வான் புறப்பட்டு ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. கல்லடிக்கு அப்பால், வாவிக்கரையில் புதிதாகத் திறந்திருக்கும் கேளிக்கைப் பூங்கா ஹோட்டலின் வான் அது. விமானத்தில் வந்திறங்குகிறவர்களுக்கு மட்டும் இலவசம்.

"இண்டைக்கு ரெண்டு பேர். பெரிய காரியம்," என்று சொல்லித்தான் சாரதி றம்ஸீன் இருவரையும் ஏற்றியிருந்தான். வேறொன்றும் கேட்கவில்லை.

மற்றப் பயணி பனிச்சங்கேணி இராசதுரை. பெயரும் ஊரும் சொன்னாரே தவிர, போகிற காரியத்தைச் சொல்லவில்லை. அவருடைய மடியில் ஒரு நீல ஃபைல் இருந்தது. அலோசியஸின் மடியிலும் ஒரு நீல ஃபைல் இருந்தது.

அதுதான் அலோசியஸை உறுத்தியது. பூங்காவுக்குள் ஒல்லாந்தர் கோட்டையைப் போல ஒன்று கட்டியிருக்கிறார்கள். வருகிறவர்களுக்குச் சரித்திரம் சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். ஒரேயொரு ஆள். பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. பென்ஷன் எடுத்த நாள் முதல் மனைவி எத்தலுக்குத் தேங்காய் துருவிக் கொடுப்பதே உத்தியோகமாகிவிட்ட அலோசியஸுக்கு, அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

"நீங்களும் காலைமை ப்ளேன்லதான் வந்தீங்களோ?"

"ஓம்."

"உங்களக் காணல்லயே."

"நானும் உங்களக் காணல்ல," என்றார் இராசதுரை.

"நான் முன்னுக்கு. யன்னல் சீற்."

"நான் பின்னுக்கு. எனக்கும் யன்னல்தான்."

"சின்ன ப்ளேன். ஆள ஆள் காணாம இருக்கேலாதே."

"நான் பயத்தில கண்ண மூடிக்கொண்டு இருந்தன்."

"கண்ண மூடுறதுக்கு யன்னல் சீற் எதுக்கு?"

இராசதுரை கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டுத் திரும்பினார். "உங்களுக்குச் சாப்பிட என்ன தந்தாங்க?"

இப்போது அலோசியஸ் வெளியே பார்த்தார். "கேக்," என்றார். "ஒரு துண்டு கேக்கும் பால் விடாத கோப்பியும்."

"பின்னுக்கு மீன் பணிஸ்தான் தந்தாங்க."

"முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் இருக்கும்தானே."

றம்ஸீனுக்கு இருமல் வந்தது.

கல்லடிப் பாலத்தில் வான் ஏறியதும் இராசதுரை வாவியைக் காட்டினார். "மேல இருந்து பார்க்கக்க இந்தத் தண்ணி என்ன நிறம்?"

"வெள்ளி நிறம். உருக்கி ஊத்தின மாதிரி."

"எனக்குக் கறுப்பாத்தான் தெரிஞ்சிச்சு."

"கண்ண மூடிக்கொண்டெல்லோ இருந்தீங்க?"

"இடைக்கிட திறந்தன்."

அப்போதுதான் அலோசியஸ் அதைக் கண்டார். இராசதுரையின் சட்டைப் பையில் இருந்து ஒரு பஸ் டிக்கெட் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. செருப்பில் செம்மண் வேறு. அவருக்கு மனம் நிறைந்துவிட்டது.

"நான் ஒண்டு சொல்றன், குறை நினைக்காதீங்க," என்றார். "சரித்திரம் சொல்ல வாற ஆள் முதல்ல உண்மை சொல்லப் பழகோணும்."

"சரியான கதை," என்றார் இராசதுரை. அவருடைய பார்வை அலோசியஸின் காலில் நின்றது. சிறிது நேரம் அங்கேயே நின்றது. அன்று காலைதான் சப்பாத்துக்கு இரண்டு முறை பொலிஷ் போட்டிருந்த அலோசியஸ், அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று காலை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்தார்.

ஹோட்டல் வாசலில் கையில் பட்டியலோடு றொவீனா நின்றாள். நேர்முகத் தேர்வை நடத்தப்போகும் முகாமையாளர். அலோசியஸ் முதலில் இறங்கி, அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மகள், ஒரு விசயம். நான் கோள் சொல்ற ஆள் இல்ல. ஆனா உங்கட வேலைக்கு நேர்மை வேணுமெல்லோ. அந்தா இறங்கிறார், அவர் ப்ளேன்ல வந்த ஆள் இல்ல. பொக்கற்றுக்க பஸ் டிக்கெட் இருக்கு, பாருங்க. நான் அதே ப்ளேன்ல முன்சீற்றில வந்தவன். எனக்குத் தெரியும்."

றொவீனா அவரை விளங்காமல் பார்த்தாள். "எந்த ப்ளேன் அங்கிள்? மூணு கிழமையா இங்க ப்ளேன் வாறல்லயே."

அவள் சாரதியின் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்க ஒவ்வொரு நாளும் எயார்போர்ட்டுக்குப் போறது எதுக்கு, றம்ஸீன்?"

"போக வேணாம் எண்டு ஒருத்தரும் சொல்லல்லயே, மிஸ்."

இராசதுரை சட்டைப் பையில் இருந்த டிக்கெட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "நான் பஸ்ஸில வந்து எயார்போர்ட் வாசல்ல ஏறினன், மிஸ். கொழும்பில இருந்து பறந்து வந்த ஆளெண்டா கொஞ்சம் மதிப்பீங்க எண்டு நினைச்சன். பிழைதான்."

றொவீனா சிரிப்பை அடக்கிக்கொண்டு பட்டியலில் அவருடைய பெயருக்கு நேரே ஓர் அடையாளம் போட்டாள். "நீங்க உள்ள போய் இருங்க, ஐயா." பிறகு அலோசியஸைப் பார்த்தாள். "நீங்க எப்பிடி வந்தீங்க, அங்கிள்?"

அலோசியஸ் தொண்டையைச் செருமினார். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொலிஷ் போட்ட சப்பாத்துக்கு மேலே, அவருடைய வலது காற்சட்டைக் காலில் சைக்கிள் கிளிப் இன்னும் மாட்டியபடியே இருந்தது.