குறைந்த தரத்தில் ஒரு வீடியோ

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கணவர் கிடந்த கடைசி வீடியோ, மரியசெல்வியின் செல்போனில் இருந்தது. துபாயில் இருக்கும் மகனுக்கு அனுப்ப முடியாத அளவுக்குப் பெரியது. அதைச் சுருக்க, ஸ்டுடியோக்காரர் கதிரேசன் தரத்தை நன்றாகக் குறைத்து, கம்ப்யூட்டரில் வேலையை வேகமாக முடிக்கும் கிராபிக்ஸ் கார்டில் ஓடவிட்டார். உடனே முடிந்துவிட்டது. சுவரும் போர்வையும் முகமும் மெழுகாக வழவழத்தன. நெஞ்சு அசையவே இல்லை.

“அவசரத்துல சின்ன அசைவையெல்லாம் கார்டு விட்டுடும்க்கா” என்று தரத்தைக் கூட்டி மறுபடி ஓட்டினார். இப்போது போர்வைக்கடியில் நெஞ்சு லேசாக ஏறியது. ஏறும்போதெல்லாம் உதடு கோணியது.

மரியசெல்வி கடைசிவரை பார்த்தாள்.

“மொதல்ல போட்டதையே அவனுக்கு அனுப்புங்க தம்பி. அதுல அவருக்கு வலிக்கல.”

“அப்ப இது வேணாமாக்கா?”

“இது எங்கிட்ட இருக்கட்டும்.”