ஆறு மணின்னு சொன்னவன்

கண்ணாடியத் தட்டப் போன விரல மடக்கிக்கிட்டான்.

லாரி கேபினுக்குள்ள டிரைவர் சத்தெய்யா தூங்குறார். வாய் திறந்திருக்கு. நெஞ்சு மேல ஈரத்துண்டு.

மணி ரெண்டே கால்.

மூணாவது தடவையா இந்த லாரிகிட்ட வந்து நிக்கிறான்.

நாக்பூர் தாண்டி ஒரு தாபா. அது பக்கத்துல ரெண்டு நீளச் சுவர். நடுவுல ஒரு லாரி நுழையுற அகலம்தான். உள்ள ஆறு லாரி, ஒண்ணு பின்னால ஒண்ணு. வாசல் ஒண்ணே ஒண்ணு.

மே மாசம். மதியத்துல ஓட்டுனா டயர் வெடிக்கும். ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வந்து இங்க படுத்துக்குவாங்க.

இங்க யாரும் பேரு கேக்க மாட்டாங்க. எத்தன மணிக்குக் கெளம்புறன்னுதான் கேப்பாங்க. சீக்கிரம் போறவன் வாசல்கிட்ட. லேட்டாப் போறவன் உள்ள.

சொன்ன நேரத்த மாத்தக் கூடாது. அத நம்பித்தான் மத்தவங்க தூங்குறாங்க.

அவன் காலைலயே வந்துட்டான். நாலு மணிக்குக் கெளம்பலாம்னுதான் நெனச்சிருந்தான். உள்கோடியில ஒரு வேப்பமரம் நிழல் விரிச்சு நின்னுச்சு.

ஆறு மணின்னு சொன்னான்.

நிழல் கெடச்சுது.

ஒண்ணே முக்காலுக்கு சேலத்துலருந்து ஃபோன். அக்கா வீட்டுக்காரர். அக்கா ஆஸ்பத்திரில இருக்குதாம். நாளைக்கு ராத்திரி தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாராம். கண்ண முழிக்கிறப்பல்லாம் அக்கா அவன் பேரத்தான் சொல்லுதாம்.

நாலு வருஷமா அவங்கூடப் பேசாத அக்கா.

அது மக கல்யாணத்துக்குத் தாய்மாமன் அவன் போகல. அன்னிக்கு அவன் இந்தூர் பக்கம் ஒரு லாரி யார்டுல மாட்டிக்கிட்டு நின்னான். முன்னால நின்ன லாரிக்காரன் சாவியோட எங்கயோ போயிட்டான். ஊருக்குத் திரும்பினதும் அவன் எவ்வளவோ சொல்லிப் பாத்தான். அக்கா நம்பல.

இப்பக் கெளம்புனா நாளைக்கு ராத்திரி பத்துக்குள்ள சேலம். ஆறு மணிக்குக் கெளம்புனா அதுக்கு மறுநாளாயிரும்.

அவன் லாரிக்கும் வாசலுக்கும் நடுவுல அஞ்சு லாரி.

சுவரோரமா நடந்தான். லாரிக்கும் சுவருக்கும் நடுவுல எடம் பாத்தான். ஒரு ஆள் ஒருக்களிச்சுப் போலாம். திரும்பி நடந்தான். ஒவ்வொரு கேபின்லயும் கால் தெரியுது. ரெண்டு கால், ரெண்டு கால். ஒருத்தர் கணுக்கால்ல கறுப்புக் கயிறு.

தன் லாரில ஏறி உக்காந்தான். எறங்கினான். தண்ணி குடிச்சான். மறுபடி ஏறினான். மறுபடி எறங்கினான்.

ஹார்ன் அடிக்கலாம். ஒரு அடிக்கு அஞ்சு பேரும் எந்திரிச்சுருவாங்க.

தூங்குற டிரைவர் பக்கத்துல எவனும் ஹார்ன் அடிக்கிறதில்ல.

வாசல்ல நிக்கிறது சத்தெய்யா லாரி. மொதல்ல அது நகரணும். கம்மம் பக்கத்துத் தெலுங்குக்காரர். மெட்ராஸ் லோடு ஓட்டி ஓட்டித் தமிழ் வரும். ராய்ப்பூர்லருந்து கம்பி ஏத்திக்கிட்டுப் பன்னெண்டு மணிக்குத்தான் வந்தார். கண்ணு ரெண்டும் ரத்தமாச் செவந்திருந்துச்சு. ரிவர்ஸ் எடுக்கையில அவன்தான் பின்னால நின்னு கை காட்டுனான். நாலரைக்குக் கெளம்புறேன்னார். என் வண்டி ஆறுக்குத்தான், நிம்மதியாத் தூங்குங்கண்ணேன்னு அவனே சொன்னான்.

ரெண்டு மணி நேரம்கூடத் தூங்கல மனுசன்.

நிமிசம் போயிக்கிட்டே இருக்கு.

விரல் நுனியால கண்ணாடிய ரெண்டு தட்டு தட்டுனான்.

சத்தெய்யா முழிச்சார். மொதல்ல கடிகாரத்தப் பாத்தார். அப்புறம் அவன.

"ஆறு மணின்னு சொன்னியே, தம்பி."

அக்காவுக்கு முடியலன்னு மட்டும் சொன்னான்.

சத்தெய்யா துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எறங்கினார். வெறுங்கால். தரை கொதிக்குது. அடுத்த லாரிக்கு அவரே போயித் தட்டுனார். அதுக்கடுத்ததுக்கும் அவரே. இந்தில ஒரு வரிதான் சொன்னார்.

கறுப்புக் கயிறு கட்டுனவர் பன்வர்லால், பீகானேர்காரர். மதராசி கடிகாரம் மட்டும் தனியா ஓடுதான்னு தூக்கத்துல முனகினார். சத்தெய்யா அவர் காதுல என்னமோ சொன்னார். பன்வர்லால் அப்படியே பனியனோட சீட்டுக்குத் தாவிட்டார்.

ஒவ்வொரு லாரியா ஸ்டார்ட் ஆச்சு.

ஒவ்வொண்ணா வெளிய போயி ரோட்டோரத்துல வெயில்ல நின்னுச்சு. அஞ்சு பேரும் எறங்கி வாசல்கிட்ட வந்து நின்னாங்க. லுங்கியும் பனியனுமா. ஒரு கால மாத்தி ஒரு கால் வச்சுக்கிட்டு.

அவனுக்கு முன்னால வழி காலியாக் கெடந்துச்சு.

மணி ரெண்டு நாப்பது. சீட்ல ஏறினான். எஞ்சினப் போட்டான்.

ஃபோன் அடிச்சுது.

அக்கா வீட்டுக்காரர். பின்னால பொம்பளைங்க அழுற சத்தம்.

"அவசரமில்ல மாப்ள. பாத்துப் பைய வா."

சரிங்க மாமான்னான்.

ஃபோன டேஷ்போர்டு மேல வச்சான். கை ஸ்டியரிங்லயே இருந்துச்சு. எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு.

எஞ்சின அமத்திட்டு எறங்கலாம். எறங்கிப் போயி அவங்ககிட்ட என்னன்னு சொல்றது.

வாசல்ல சத்தெய்யா ரெண்டு கையையும் தூக்கி வா வான்னு காட்டுறார். பன்வர்லால் ரோட்டுக்கு நடுவுல போயி நின்னு, வர்ற பஸ்ஸக் கை காட்டி நிறுத்தி வச்சிருக்கார்.

கியரப் போட்டான்.

அவங்களத் தாண்டுறப்ப தலைய மட்டும் ஆட்டுனான். சத்தெய்யா கதவுல உள்ளங்கையால ஒரு தட்டு தட்டி அனுப்புனார்.

கண்ணாடில அஞ்சு பேரும் தெரிஞ்சாங்க. யாரும் இன்னும் நகரல. அவன் போறதையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.

அவங்க கண்ணுக்கு மறையுற வரைக்கும் வேகமா ஓட்டுனான்.