ஆறு குடம் தண்ணீர்

"பொய் சொல்லாதே நேசமணி. தெனமும் கழுவின மோட்டார்னா, உள்ளே இத்தனை உப்பு எங்கேர்ந்து வந்தது?"

பஞ்சாபகேசன் திருப்புளியால் குழாயின் உட்புறத்தைச் சுரண்டிக் காட்டினார். வெள்ளைப் பொடி பொலபொலவென்று உதிர்ந்தது.

வலியதுறைக் கடற்கரையில் ஓர் ஓலைக் கொட்டகை. சர்க்கார் சோதனைக்காக வாங்கிவிட்ட படகு அங்கேதான் நின்றது. அதன் பின்னால் மாட்டுகிற மோட்டார், சீமையிலிருந்து கப்பலேறி வந்த மோட்டார், எட்டே மாதத்தில் நடுக்கடலில் சூடேறி இறுகிப்போய்விட்டது. மோட்டாருக்குப் பொறுப்பு மெக்கானிக் பஞ்சாபகேசன். அதை ஓட்டுவதும் கழுவுவதும் நேசமணி. குளச்சலிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இதே கரையில் குடியிருக்கும் குடும்பம் அவனுடையது.

"மாதா சத்தியமா கழுவினேன் சாரே. கரையேறினதும் பீப்பாயில ஆறு குடம் வெள்ளம் ஊத்தி, மோட்டாரை அதுக்குள்ள இறக்கி, பத்து நிமிஷம் ஓடவிடுவேன். வெளிய வாற வெள்ளத்தை நாக்குல வச்சுப் பாத்துட்டுத்தான் நிறுத்துவேன்."

"நான் என்ன சொல்லிக் கொடுத்தேன், அதைச் சொல்லு."

"ஓடை வெள்ளம், குளத்து வெள்ளம் ஒண்ணும் ஆகாது, நீ குடிக்கிற தண்ணியாவே இருக்கணும்னு சொன்னீங்க."

"சொன்னேனோல்லியோ? அதும்படி செஞ்சிருந்தா இது இப்படிப் பாழாகியிருக்குமா?"

நேசமணி மூலையிலிருந்த பீப்பாயில் கைவிட்டு ஒரு கை அள்ளினான். "நேத்தைக்குக் கழுவ ஊத்தி வச்சது, அப்படியே கிடக்கு. நீங்களே ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க சாரே."

பஞ்சாபகேசன் இரண்டடி பின்னால் நகர்ந்தார். கரமனை அக்ரஹாரத்திலிருந்து அவர் பஸ் ஏறும்போதே வீட்டுத் தண்ணீர் நிறைந்த பித்தளைக் கூஜாவும் கூட ஏறிவிடும். இந்த எட்டு மாதத்தில் அந்தக் கரையில் ஒரு வாய் காப்பிகூட அவர் குடித்ததில்லை. அப்படிப்பட்டவரிடம் போய் உள்ளங்கையை நீட்டுகிறான்.

"எனக்கு வேற வேலை இல்லியா? கையை எடு."

விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகித் தீரும்வரை நேசமணி கையை நீட்டியபடியே நின்றான்.

அன்றைக்கே பஞ்சாபகேசன் ஆபீசுக்கு எழுதினார்: 'கழுவாமல் போட்டதால் மோட்டார் கெட்டது.' மனதறிந்து அவர் பொய் எழுதவில்லை. உப்பைக் கண்ணால் பார்த்தார், எழுதினார். மறுவாரம் நேசமணிக்கு வேலை போயிற்று.

இரண்டு மாதம் கழித்துப் புது மோட்டார் வந்தது. புது ஆளும் வந்தான். அலை கொஞ்சம் எழும்பினாலே அவனுக்குக் கை நடுங்கியது. நேசமணியென்றால் பாட்டுப் பாடிக்கொண்டு படகைக் கொண்டுபோவான். பஞ்சாபகேசனுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. 'சோம்பல்பட்டுவிட்டான், போகட்டும். மூன்று குழந்தைக்காரன்' என்று மனம் இளகினார். 'மோட்டாரைக் கழுவாதது என் தவறு. மன்னிக்கவும்' என்று நேசமணி பேரில் அவரே ஒரு கடிதம் எழுதினார். நேசமணி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், திரும்ப வேலைக்குச் சிபாரிசு செய்துவிடலாம். தன் பெருந்தன்மை அவருக்கே பிடித்திருந்தது.

உச்சி வெயிலில் மணலில் நடந்து, மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த வீட்டைக் கண்டுபிடித்தார். நேசமணியின் மனைவி ஜெயபாய் பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"நேசமணி எங்கே?"

"அவரு இங்க இல்ல சாரே. கல்லாறு தாண்டி, பொன்முடித் தேயிலைத் தோட்டத்துக்குப் போயாச்சு. மூணு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தாச்சு. இனி விடமாட்டாங்க."

கடிதத்தை எடுக்கச் சட்டைப்பைக்குப் போன கை அப்படியே நின்றது. கடலைப் பார்க்காமல் ஒரு நாள் இருக்கமாட்டாத மனிதன், மலையில் கொழுந்துக் கூடை சுமக்கிறான்.

"என்மேலே கோபமா இருப்பான், இல்லியா?"

"ஐயோ, இல்ல சாரே. தப்பு எனக்கதாக்கும், பத்து நிமிஷம் பத்தாது, இருபது நிமிஷம் ஓடவிட்டிருக்கணும்னு போற அன்னைக்கும் சொல்லிட்டுத்தான் போனாரு."

பஞ்சாபகேசனுக்குத் தொண்டை வறண்டது. கூஜாவைச் சாய்த்துப் பார்த்தார். காலி.

"ஜெயபாய், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடு" என்றார். கேட்டது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

அவள் திகைத்துப் போனாள். "எங்க வீட்டு வெள்ளமா? நீங்க குடிப்பீங்களா சாரே?"

"கொடும்மா."

அவள் செம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். வாசல் கிணற்றில் புதிதாக இறைத்து நிரப்பினாள். முகம் மலர்ந்திருந்தது.

"கடுதாசி போட்டிருந்தாரு. மலை வெள்ளத்துக்கு ஒரு ருசியும் இல்லியாம், சப்புன்னு இருக்காம். பொறந்தது முதல் இந்தக் கிணத்து வெள்ளத்தைக் குடிச்ச நாக்குல்லா, அதான். உங்க மோட்டாருக்கும் தெனம் ஆறு குடம் இதைத்தானே சுமந்துட்டுப் போனாரு."

பஞ்சாபகேசன் செம்பை உயர்த்தி, அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டார்.

உப்புக் கரித்தது.