பாலம் ஏறாத ஸ்கூட்டர்

எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய ராஜகோபாலனின் ஸ்கூட்டர், அடையாறு பாலம் ஏறும்போதெல்லாம் முக்கி முனகி நின்றுவிடும். அவர் மனைவி கோமளம் பின்சீட்டிலிருந்து இறங்கி, பஸ் ஜன்னல்கள் வேடிக்கை பார்க்க, நடந்தே பாலத்தைக் கடப்பாள்.

"பிளக் மாத்தியாச்சு, கார்புரேட்டர் தொடைச்சாச்சு. இனிமே நீதான் இளைக்கணும்," என்றார் அவர்.

ஒரு மாதம் அவள் இரவுச் சாப்பாட்டையே விட்டாள். அப்படியும் வண்டி ஏறவில்லை.

கடைசியில் மந்தைவெளி மெக்கானிக் முருகையன் சைலன்சரைக் கழற்றித் தட்டினான். தார் மாதிரி கறுப்புப் பசை கொழகொழவென்று வழிந்தது. கோமளம் முகத்தைச் சுளித்தாள்.

"புகை போற வழியே அடைச்சுக்கினு கீது. பழைய புகை போனாத்தானே சார் புது பெட்ரோல் உள்ள வரும்? பெட்ரோல்ல இவ்ளோ ஆயிலை யாரு ஊத்தறது?"

"பங்க்ல ஆயிலைக் கொறைச்சுக் கலக்கறானோன்னு... நான்தான் ஆத்துக்கு வந்து இன்னும் ரெண்டு மூடி ஊத்திண்டிருந்தேன்," என்றார் ராஜகோபாலன்.

பசையைப் பார்த்த அதே முகத்தோடு கோமளம் அவரைப் பார்த்தாள்.

"ஒரு மாசம் பட்டினி கெடந்தேனே, பாவி மனுஷா!"

"சைலன்சரைக் கொளுத்திக் கரியை எடுத்துடறேன் சார். நீ ஆயிலை மட்டும் அளவா ஊத்து. மாமி குந்திக்கினே பாலம் ஏறலாம்," என்றான் முருகையன்.