ஏர் பைப்பு

கட்டிலின் மேல் குனிந்து குமாரதாஸ் ரசலையனின் தோளை முகர்ந்து பார்த்தார். பிறகு தலையணையை. பிறகு போர்வையின் நுனியை.

டெட்டால் வாசனை. பவுடர் வாசனை. வேறொன்றும் இல்லை.

வாசலில் நின்ற சுபிதாவுக்குக் கூச்சமாகப் போயிற்று. எட்டு மாதமாக அவளுடைய மாமனாரை, பார்க்கவரும் நர்ஸைத் தவிர வெளியாள் யாரும் இவ்வளவு பக்கத்தில் வந்து பார்த்ததில்லை. ஜெபத்துக்கு வருகிறவர்கள்கூட வாசலிலேயே நின்று, கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி ஜெபித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அவள் பிளம்பரை அழைத்தது வேறு வேலைக்கு. வீட்டின் பின்பக்கம், கிணற்றை ஒட்டி ஓர் அறை கட்டப்போகிறார்கள். அதற்குப் பைப் லைன் போட அளவெடுக்கத்தான் குமாரதாஸ் நெய்யூரிலிருந்து வந்திருந்தார்.

அறை ரசலையனுக்கு. அதைக் கேட்டதும் அவர்தான்.

முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து அவர் அறையில் ஒரு நாற்றம். தன் உடம்புதான் உள்ளுக்குள் அழுகுகிறது, தன்னைப் புறத்தே போட்டுவிடுங்கள் என்று மகனிடம் சொல்லிவிட்டார்.

சுபிதா தினமும் இரண்டு வேளை அவரைத் துடைத்துவிட்டாள். விரிப்பை மாற்றினாள். ஊதுபத்தி கொளுத்தினாள், ஸ்ப்ரே அடித்தாள். மருமகள் சரியாகப் பார்ப்பதில்லை என்று சொந்தக்காரர்கள் பேசியது அவள் காதுக்கும் வந்திருந்தது.

குமாரதாஸ் அளவெடுக்கும் டேப்பைப் பைக்குள் போட்டார். நாற்றம் எந்நேரம் அதிகமாக வரும் என்று கேட்டார்.

காலையில், என்றாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்காரர் வேலைக்கும் கிளம்புகிற நேரம்.

அந்நேரம் எல்லாரும் மாடி பாத்ரூமில்தானே இருப்பீர்கள் என்றார். ஆமாம்.

இந்த அறையை ஒட்டிய பாத்ரூமை யார் உபயோகிக்கிறார்கள்? யாருமில்லை. மாமா படுத்ததிலிருந்து அது சும்மாதான் கிடக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை கழுவி விடுவாள், அவ்வளவுதான்.

அவர் பாத்ரூமுக்குள் போய்த் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் ஜாலி மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்தார். அடியில், குழாயின் வளைவில், எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றை மறிப்பது அதுதான். அங்கே வறண்டு கிடந்தது.

ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி நிரப்பினார். சுபிதாவை மாடிக்குப் போய் பிளஷ் பண்ணச் சொன்னார்.

மேலே தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. கீழே ஓட்டைக்குள் களக்கென்று ஒரு சத்தம். நின்ற தண்ணீரை யாரோ உறிஞ்சிக் குடித்ததுபோல் உள்ளே போயிற்று.

நாற்றம் முகத்தில் அடித்தது. குமாரதாஸ் நிதானமாக எழுந்து கையைக் கழுவிவிட்டுப் படியேறினார்.

மொட்டைமாடி முழுக்கப் புதுத் தகரச் சீட்டுக் கூரை. மூலையில், கழிவுக் குழாய்க்குக் காற்று விடுகிற ஏர் பைப்பு. சீட்டுக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதை முழங்கால் உயரத்தில் அறுத்து, மூடி போட்டு, பசையும் வைத்து அடைத்திருந்தார்கள். காற்று நுழைய வழியில்லை. அதனால் மாடியிலிருந்து இறங்குகிற தண்ணீர், போகிற போக்கில் கீழ் பாத்ரூம் வளைவில் நிற்கும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

சீட்டு எப்போது போட்டது என்று கேட்டார்.

மாமா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, என்று சொல்லவந்த சுபிதா பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

அவர் மூடியிருந்த தலையை அறுத்தெடுத்தார். ஜங்ஷன் கடையிலிருந்து பைப்பும், அதை வளைத்துத் திருப்ப இரண்டு எல்போவும் வாங்கி வந்தார். பைப்பைச் சீட்டின் விளிம்புக்கு வெளியே கொண்டுபோய், கூரைக்கு மேலே ஆளுயரம் ஏற்றி, உச்சியில் வலைமூடி மாட்டினார்.

மறுபடியும் ஒரு வாளித் தண்ணீர். மறுபடியும் மாடியில் பிளஷ்.

ஓட்டைக்குள் தண்ணீர் லேசாக நடுங்கிற்று. போகவில்லை. மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் நின்றது.

ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அரைமணி நேரம் கழித்துத்தான் பேசினார்.

"அண்ணாச்சி, நாத்தம் உங்கட்ட இருந்து வரல்ல. மேல ஏர் பைப்ப அடச்சுப் போட்டிருக்கானுவ. இப்ப சரியாக்கியாச்சு."

ரசலையன் நன்றாக இருந்த கையை மெல்லத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். முகர்ந்தார். திரும்பவும் முகர்ந்தார்.

"அப்ப நான் இல்லியா?"

இல்லை என்றார் குமாரதாஸ்.

சுபிதா ஷாலால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். வெகுநேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று கிளாசில் சாயாவுடன் வந்தாள். அந்த அறையிலேயே, கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, மூன்று பேரும் குடித்தார்கள்.

இனி பின்பக்கம் அறை வேண்டாம், கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள் என்றபடி குமாரதாஸ் புறப்பட்டார். சுபிதா கேட் வரைக்கும் வந்தாள். வந்த சொந்தக்காரர்கள், பார்க்கவந்த நர்ஸ் எல்லாருமே நோயின் நாற்றம் என்றுதான் சொன்னார்கள். வந்ததும் வராததுமாக உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணே தோன்றியது என்று கேட்டாள்.

அவர் கருவிப் பையை பைக்கில் மாட்டினார்.

"எங்க அம்மை ஏழு மாசம் கெடந்தா. நாத்தம் தாங்க முடியல்லன்னு புறத்த ஒரு ரூம் கெட்டி மாத்தினோம். அதுக்கு பைப்பு போட்டது நான்தான்."

வண்டியைக் கிளப்பினார்.

"அடக்கம் கழிஞ்சு வந்து வீட்டைத் தொறந்தோம். நாத்தம் உள்ளயேதான் நின்னுது."