குன்வோரின் பட்டினி

விளக்கைப் போட்டதும் குன்வோரின் வயிற்றுக்குள் இன்னொன்று உயிரோடு மினுங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

தூருன் தொட்டியருகே குனிந்தாள்.

குன்வோர் ஒரு சீப்பு ஜெல்லி, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் கடல் ஜீவன். பை மாதிரி உடம்பு, பையின் வாய்தான் அவள் வாய். எலும்பு கிடையாது, மூளை கிடையாது, எதையும் ஒளித்துவைக்க இடமும் கிடையாது. தின்றது இன்னதென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

அக்டோபரில் சூரியன் மலைக்குப் பின்னால் போன நாளிலிருந்து அவள் எதுவுமே தின்னவில்லை என்பதுதான் தூருனின் ஆராய்ச்சி.

பட்டினி போட்டால் இந்த இனம் வாடிச் சுருங்கும். வடதுருவக் குளிர்காலத்தில் எவ்வளவு சுருங்கும் என்று பார்க்கத்தான் அவளைத் தனித் தொட்டியில் இருட்டில் விட்டிருந்தாள். குன்வோரோ சுருங்குவதாக இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கைப் போட்டு அளந்தால், போன வாரத்தைவிடக் கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள்.

கடல்நீரில் கரைந்திருக்கும் சத்தைத் தோலாலேயே குடிக்கிறாள் என்று முடிவுகட்டினாள் தூருன். உலகத்தில் யாரும் சொல்லாத விஷயம். நேரில் பார்க்க ட்ரோம்ஸோவிலிருந்து பேராசிரியர் ஸ்டைனாரே விமானம் ஏறி வந்துவிட்டார். அவர் தலையாட்டினால் அடுத்த குளிர்காலமும் இங்கேதான். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்தப் பேராசிரியர் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் பன்னைக் கடித்துக்கொண்டிருந்தார். நடுவில் மஞ்சள் கிரீம் வைத்த பன். நான்கு மாதம் கழித்துச் சூரியன் திரும்பி வந்த நாள் அல்லவா, சமையல்காரர் ஓட்வார் காலையிலேயே சுட்டுவைத்திருந்தார்.

வயிற்றுக்குள் இருந்தது கோழிமுட்டை அளவு. பக்கத்துப் பீப்பாயில் இருக்கும் கடல்முட்டைகளில் ஒன்று. அதுவும் சீப்பு ஜெல்லிதான், ஆனால் பொடிப் பூச்சிகளைத் தூண்டில் போட்டுப் பிடித்துத் தின்னும் சாது. குன்வோர் மாதிரியானவர்களுக்கு அந்தச் சாதுவைத் தவிர வேறு எதுவும் தொண்டையில் இறங்காது.

பீப்பாயில் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததைத் தூருன் கவனிக்காமல் இல்லை. செத்தால் பிணம்கூடக் கிடைக்காமல் கரைந்துபோகிற ஜீவன், கரைந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பின்னால் நின்ற ஓட்வார் இருமினார்.

"பட்டினி கிடக்கிற ஒருத்திய பக்கத்துல வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா சூப் கிண்டுறது? தினம் ஒண்ணே ஒண்ணுதான். சூப்புக் கரண்டியிலயே அள்ளி விட்டேன். வியாழக்கிழமை மட்டும் விட மாட்டேன், நீ மறுநாள் அளப்பியேன்னு."

சூப் ஏன் உப்புக் கரிக்கிறது என்று குளிர்காலம் முழுக்க எல்லோரும் புலம்பியது தூருனுக்கு இப்போது ஞாபகம் வந்தது.

கரடிக் காவலுக்கு இருக்கும் ஹெட்விக், தோளில் இருந்த துப்பாக்கியைக் கீழே இறக்கிவைத்தாள்.

"நான் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் போட்டேன்."

"அடிப்பாவி, நீயுமா! அதான் பிள்ளைக்கு ஒரு சுத்து கூடிடுச்சு" என்றார் ஓட்வார்.

தூருன் அளவுக் குறிப்பேட்டை மூடினாள். ஒரு குளிர்காலம் போயிற்று. உலகத்தில் யாரும் சொல்லாத விஷயம், ஒரு சூப்புக் கரண்டியில் போயிற்று. ஆய்வுப் பிராணிக்குப் பெயர் வைக்கக் கூடாது, பரிதாபப்படக் கூடாது என்று பேராசிரியரே கைப்பட எழுதி ஆய்வகக் கதவில் ஒட்டியிருக்கிறார். அதை ஒட்டிய கதவுக்குப் பின்னால் நடந்திருக்கிறது இத்தனையும்.

அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அது உறைத்தது. உள்ளே போன கடல்முட்டை இன்னும் சாகவில்லை. அதன் சீப்பு வரிசைகள் விளக்கில் பச்சையும் ஊதாவுமாக ஓடிக்கொண்டிருந்தன. விழுங்கி அரைமணிகூட ஆகியிருக்காது.

அரைமணிக்கு முன்னால் ஓட்வார், ஹெட்விக், அவள், மூன்று பேரும் மலைச்சரிவில் நின்று, எட்டிப்பார்த்த சூரியனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். "நான் பார்க்காத சூரியனா" என்று சொல்லி ஆராய்ச்சி நிலையத்திலேயே இருந்துவிட்டவர் ஒருவர்தான்.

இங்கே எந்தக் கதவுக்கும் பூட்டுப் போடுவதில்லை. கரடி துரத்தினால் யாரும் எந்த வீட்டுக்குள்ளும் ஓடி நுழையலாம். உள்ளே வந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடுதான் நடக்க வேண்டும், கரடி துரத்தினாலும் சரி.

தூருன் தரையைப் பார்த்தாள்.

பீப்பாயிலிருந்து தொட்டிவரைக்கும் ஈரக் கால்தடங்கள். தொட்டியிலிருந்து நாற்காலிவரைக்கும் ஈரக் கால்தடங்கள். நாற்காலிக்குக் கீழே இரண்டு சாம்பல் நிறக் காலுறைகள் நனைந்து கனத்துக் கிடந்தன, உள்ளே கால்கள் இருந்தன.

ஓட்வாரும் பார்த்தார். ஹெட்விக்கும் பார்த்தாள்.

பேராசிரியர் கோட்டுப் பைக்குள்ளிருந்து வலது கையை மெல்ல வெளியே எடுத்தார். முழங்கை வரை சட்டை சொட்டிக்கொண்டிருந்தது.

"அடுத்த குளிர்காலமும் செய்துடு, தூருன்" என்றார், மிச்சப் பன்னைப் பார்த்தபடி. "தொட்டிக்கு மட்டும் ஒரு பூட்டு வாங்கிக்கோ. சாவிய என்கிட்ட குடுத்துடாத."